மாஸ்கோ திரைப்பட விழாவின் போட்டிக்குத் தமிழ்ப் படம் அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2018 ஏப்ரலில் மாஸ்கோ சர்வதேசத் திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்ற படத்தின் பெயர் ‘தொயோன் கீல்’. இயக்கியவர் எதுவார்த் நோவிகோவ். காட்டுக்குள் தனியாக வாழும் ஒரு முதிய தம்பதி. அவர்கள் வீட்டருகே வந்து தங்கிவிடும் ஒரு கழுகு. கதை அவ்வளவுதான். படத்தில் பேசப்படுவது ரஷ்ய மொழிகூட இல்லை. சைபீரியாவின் வடகிழக்கே, ஐந்து லட்சம் பேரைத் தாண்டாத ஒரு சமூகம் பேசும் சாஹா மொழி.

சிறு முதலீட்டில், வட்டார வழக்கில் படம் எடுக்கும் நம் இளம் இயக்குநர்கள் மாஸ்கோவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கழுகைத்தான் முதலில் சொல்வேன். நான் சப்டைட்டில் எழுதுகிறவன். படம் முடிந்து, பணமும் முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் கட்டத்தில்தான் பெரும்பாலும் என்னிடம் வருவார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். சப்டைட்டில் பற்றிய பகுதி மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். அது தொழில் பாசம் மட்டுமே அல்ல என்பது படிக்கும்போது புரியும்.

எந்த மாதிரி விழா இது?

மாஸ்கோவில் முதல் திரைப்பட விழா 1935இல் நடந்தது. நடுவர் குழுவுக்குத் தலைவர், ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ எடுத்த செர்கெய் ஐசன்ஸ்டீன். பிறகு நீண்ட இடைவெளி. 1959 முதல்தான் தொடர்ச்சியாக நடக்கிறது. சோவியத் காலத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை, செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரி விழாவுடன் முறை வைத்து நடத்தினார்கள். 1999 முதல் ஆண்டுதோறும். முதல் பரிசின் பெயர் பலமுறை மாறி, 1989 முதல் ‘தங்க கியோர்கி’ ஆகியிருக்கிறது. மாஸ்கோ நகரச் சின்னத்தில் குதிரைமேல் இருந்து பாம்பரக்கனை ஈட்டியால் குத்துகிறாரே, அந்தப் புனிதர்தான் இந்தக் கியோர்கி. நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு, சிறந்த இயக்குநர், நடிகர், நடிகை ஆகியவற்றுக்கு வெள்ளி கியோர்கி.

சோவியத் காலப் பரிசுகளைப் பார்த்தால் பந்தியில் எல்லா இலைக்கும் பாயசம் ஊற்றிய மாதிரி இருக்கும். 1969இல் தங்கப் பரிசு மூன்று: கியூபாவுக்கு ஒன்று, இத்தாலிக்கு ஒன்று, சோவியத் நாட்டுக்கு ஒன்று. 1975இலும் மூன்று. அந்த மூன்றில் ஒன்று குரசாவாவின் ‘தெர்சு உசாலா’. அதே ஆண்டு மிருணாள் சென்னின் ‘கோரஸ்’ வெள்ளிப் பரிசு பெற்றது. 1979இல் அவருடைய ‘பரசுராம்’ மீண்டும் வெள்ளி.

இந்த விழாவின் மிகத் துணிச்சலான ஆண்டு 1963 என்பேன். இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் ‘எட்டரை’ போட்டியில் இருந்தது. புரியாத படம், முதலாளித்துவக் குழப்பம் என்று அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். நடுவர் குழுத் தலைவர் கிரிகோரி சுக்ராய் அசையவில்லை; பரிசு ஃபெலினிக்கே போனது. அந்தக் குழுவில் சத்யஜித் ராயும் ஒருவர்.

முதல் படி: போவதா, வேண்டாமா?

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. அழைப்புக் கடிதம் கையில் கிடைத்த பிறகு யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது.

உலகத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபியாஃப், மாஸ்கோவைப் போட்டி விழாக்களின் முதல் தரப் பட்டியலில் வைத்திருந்தது. கான், வெனிஸ், பெர்லின், கார்லோவி வாரி, நம் கோவா எல்லாம் அடங்கிய பட்டியல் அது. உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்புக்குப் பிறகு, 2022 மார்ச்சில், அந்த அங்கீகாரத்தை ஃபியாஃப் நிறுத்திவைத்தது. நீங்கள் அனுப்பும் ஆண்டில் ஃபியாஃபின் பட்டியலைத் திறந்து மாஸ்கோ அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். உலக விமர்சகர் கூட்டமைப்பான ஃபிப்ரெஸ்கியும் 2022இல், ரஷ்ய அரசு நடத்தும் விழாக்களில் பங்கேற்பதில்லை என்று அறிவித்தது. 2000 முதல் விழாவின் தலைவராக இருக்கும் நிகிதா மிகால்கோவ் போரை வெளிப்படையாக ஆதரிப்பவர்; ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் இருப்பவர். 1959இல் இதே விழா அறிவித்துக்கொண்ட முழக்கம் ‘திரைக்கலையில் மனிதநேயம், மக்களிடையே அமைதியும் நட்பும்’ என்பது. சுவரில் எழுதியதும் வீட்டில் நடப்பதும் வேறு வேறாக இருப்பது உலகத்தில் புதிதல்ல.

போ என்றும் போகாதே என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் இயக்குநர், தயாரிப்பாளர், முதன்மை நடிகர்கள் ஆகியோர் ஒரு மாலை உட்கார்ந்து இதைப் பேசிவிட வேண்டும். ஐரோப்பிய நிதி ஏதாவது படத்தில் இருந்தால் அந்தக் கூட்டாளியின் சம்மதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘சொல்லாமல் அனுப்பிவிடலாம், தேர்வானால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற கணக்கு நட்பைக் கெடுத்து நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ரஷ்யச் சட்டம். திரையரங்கில் காட்டும் படங்களில் கெட்ட வார்த்தைகளுக்கு 2014 முதல் தடை உண்டு. தன்பாலின உறவுகளைப் பரிவோடு காட்டுவதைப் ‘பிரசாரம்’ என்று கருதும் சட்டம் 2022 டிசம்பரில் எல்லா வயதினருக்கும் விரிவாக்கப்பட்டது. உங்கள் கதையின் உயிர் அங்கே இருந்தால், அதை வெட்டி அனுப்புவதைவிட வேறு ஊரைப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: முதல் திரையிடலை வீணாக்காதீர்கள்

போட்டி விழாக்களுக்குத் திருமண வீட்டுக்காரர்களின் குணம். ‘இதற்கு முன் எங்கே பேச்சு நடந்தது’ என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். இன்னொரு முதல் தர விழாவின் போட்டியில் கலந்துகொண்ட படத்தை மாஸ்கோவின் முதன்மைப் போட்டிக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று நம்ப வேண்டாம். கோவா விழாவின் சர்வதேசப் போட்டியும் இந்தக் கணக்கில் வரும். பலர் தவறவிடும் இடம் இது. ரஷ்யாவில் வேறெங்கும் படம் காட்டப்பட்டிருக்கக் கூடாது. இணையத்தில் வெளியான படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இது மறுபக்கமும் வெட்டும். மாஸ்கோவில் போட்டியிட்ட படத்தை அடுத்து கார்லோவி வாரியோ லொகார்னோவோ போட்டிக்கு எடுக்காது. எனவே ஒரு தாளில் நீங்கள் ஆசைப்படும் விழாக்களை மேலிருந்து கீழாக எழுதுங்கள். மாஸ்கோ எத்தனையாவது இடத்தில் வருகிறது? மேலே இருப்பவர்களின் பதில் வந்த பிறகே மாஸ்கோவுக்கு ‘சரி’ சொல்ல வேண்டும். அனுப்பலாம், ஒப்புக்கொள்வதுதான் கடைசிக் கட்டம்.

மூன்றாம் படி: எந்தப் பிரிவு, எந்த மாதம்

முழுநீளக் கதைப் படங்களுக்கான முதன்மைப் போட்டி, ஆவணப்படப் போட்டி, குறும்படப் போட்டி ஆகியவை தனித்தனி. போட்டிக்கு வெளியே காட்டப்படும் படங்களின் எண்ணிக்கை போட்டிப் படங்களைவிடப் பல மடங்கு. முதன்மைப் போட்டியில் பத்துச் சொச்சம் படங்களுக்குத்தான் இடம். போட்டிக்கு வெளியே அழைத்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த அழைப்பை ஏற்றால் உங்கள் முதல் சர்வதேசத் திரையிடல் செலவாகிவிடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

விழா நெடுங்காலம் ஜூனில் நடந்தது. 2018இல் உலகக் கோப்பைக் கால்பந்து ரஷ்யாவில் நடந்ததால் ஏப்ரலுக்கு நகர்ந்தது, அங்கேயே தங்கியும்விட்டது. 2020இல் கொரோனா அதை அக்டோபருக்குத் தள்ளியது. 2022இல் ஆகஸ்ட் இறுதி. மற்றபடி ஏப்ரலின் இரண்டாம் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஆங்கில சப்டைட்டிலோடு கூடிய இறுதி வடிவம் நவம்பரிலேயே தயாராக இருக்க வேண்டும். தீபாவளிக்குள் எடிட்டிங் முடிந்துவிடும் என்று உங்கள் எடிட்டர் சொன்னால் பொங்கல் என்று எழுதிக்கொண்டு திட்டமிடுங்கள்.

விண்ணப்பம் விழாவின் அதிகாரபூர்வத் தளத்தில்தான். அந்த ஆண்டுக்கான விதிமுறை ஆவணத்தைத் தரவிறக்கி முழுதாகப் படியுங்கள். பழைய ஆண்டு விதியை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். கதைச் சுருக்கம், இயக்குநர் குறிப்பு, இயக்குநர் படம், படத்தின் ஸ்டில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். இயக்குநர் குறிப்பில் ‘மனித மனங்களின் ஆழம்’ என்று ஆரம்பிக்காமல் இருந்தால் நன்றி.

நான்காம் படி: சப்டைட்டில்

இங்கேதான் படங்கள் சாகின்றன.

தேர்வுக் குழு ஆங்கில சப்டைட்டிலில் பார்க்கும். தேர்வான பிறகு அந்த ஆங்கில வரிகளிலிருந்துதான் ரஷ்ய மொழிபெயர்ப்பு செய்யப்படும். மதுரை வழக்கு தெரிந்த ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் யாருக்கும் கிடைக்கப்போவதில்லை. அதாவது உங்கள் வசனம் இரண்டு ஆறுகளைத் தாண்டுகிறது: தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து ரஷ்யம். வேடிக்கை என்னவென்றால், தமிழுக்கும் ரஷ்யத்துக்கும் பொதுவாக இருக்கும் பல நயங்களை நடுவில் உள்ள ஆங்கிலம் விழுங்கிவிடுகிறது.

நீ, நீங்கள் என்ற வேறுபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ரஷ்யத்தில் ‘தி’ என்றால் நீ, ‘வி’ என்றால் நீங்கள். ஒருவர் ‘வி’யிலிருந்து ‘தி’க்கு மாறுவது அங்கே ஒரு நிகழ்ச்சி, காதலாகவும் இருக்கலாம், அவமதிப்பாகவும் இருக்கலாம். நம் படத்தில், அதுவரை ‘வாங்க, உட்காருங்க’ என்று பேசிய சம்பந்தி, நகைப் பேச்சு வந்ததும் ‘என்னய்யா பேசுறே நீ’ என்று திரும்பும் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ப் பார்வையாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வார். ரஷ்யப் பார்வையாளரும் நிமிர்ந்து உட்காரத் தயாராக இருக்கிறார். ஆங்கில வரி மட்டும் ஒன்றும் நடக்காதது போலக் கடந்து போகிறது. ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் ஊகத்தில் ஏதோ ஒன்றைப் போடுவார். அது பாதி நேரம் தப்பாக இருக்கும்.

தீர்வு எளிது, யாரும் செய்வதில்லை. சப்டைட்டில் கோப்போடு ‘வசனப் பட்டியல்’ ஒன்றைத் தனியாக அனுப்புங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேரக்குறி, பேசுபவர் பெயர், ஆங்கில வரி, கடைசி நெடுவரிசையில் குறிப்பு. அந்தக் குறிப்பில் யார் யாரை ‘நீ’ என்கிறார், எந்த வரியிலிருந்து மாறுகிறார் என்று எழுதுங்கள். பேசுபவர் ஆணா பெண்ணா என்பதையும் எழுதுங்கள். ரஷ்ய வினைச்சொல் இறந்தகாலத்தில் ‘நான் வந்தேன்’ என்பதற்கே ஆணுக்கு ஒரு வடிவம், பெண்ணுக்கு ஒரு வடிவம் வைத்திருக்கிறது. திரைக்கு வெளியே குரல் மட்டும் கேட்கும் காட்சிகளில் இது தெரியாமல் தவிப்பார்கள்.

அடுத்தது உறவுமுறை. என் தொழிலின் ஆரம்பத்தில், அத்தை மகனை ‘மாமா’ என்று ஆசையாக அழைக்கும் ஒரு பெண்ணின் வசனத்தை ‘அங்கிள்’ என்று எழுதிவிட்டேன். வெளிநாட்டுத் திரையரங்கு ஒன்றில் அந்தக் காதல் காட்சியின்போது அரங்கம் முழுக்க ஒரு சங்கட அமைதி. இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

ரஷ்யம் இந்த விஷயத்தில் நம்மைப்போல. கணவனின் தம்பியோ அண்ணனோ என்றால் ‘தேவெர்’; இந்தியில் கொழுந்தனைத் தேவர் என்கிறார்களே, அதன் தூரத்து உறவுச் சொல்தான் இது. மனைவியின் சகோதரன் ‘ஷூரின்’. நாத்தனாருக்கு ‘ஸலோஃப்கா’. மாமியாரில் அவர்கள் நம்மையும் மிஞ்சிவிட்டார்கள்: கணவனின் தாய் ‘ஸ்வெக்ரோவ்’, மனைவியின் தாய் ‘த்யோஷா’. மருமகனும் மாமியாரும் என்றால் அங்கே நகைச்சுவைத் துணுக்கு. மருமகளும் மாமியாரும் என்றால் குடும்ப நாடகம். இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் வழியாகப் போவானேன்? குறிப்பு நெடுவரிசையில் ‘கணவனின் சகோதரி’ என்று விளக்கமாக எழுதிவிட்டால் போதும். நகரத்து ரஷ்ய இளைஞர்கள் ஷூரினையும் தேவெரையும் குழப்பிக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகள் எல்லோரையும் அங்கிள் ஆக்கிவிட்டதைப் போல. ஆனால் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியும்.

விடைபெறும் சொல்லும் அப்படித்தான். நம் வீடுகளில் ‘போகிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘போய் வருகிறேன்’. ரஷ்யத்திலும் ‘தஸ்விதானியா’ என்றால் மீண்டும் சந்திக்கும்வரை என்று பொருள். ‘ப்ரஷ்ஷாய்’ என்றால் இனிச் சந்திப்போமா தெரியாது. ஒரு பாத்திரம் வேண்டுமென்றே ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினால் அது எவ்வளவு பெரிய வரி! ஆங்கிலத்தில் அது ஒரு சாதாரண விடைபெறல். குறிப்பில் அடிக்கோடிட்டு எழுத வேண்டிய இடம்.

பண்ணையாரை ‘எசமான்’, ‘சாமி’ என்று அழைக்கும் குரலுக்கு ரஷ்யத்தில் ‘பாரின்’ என்ற சொல் காத்திருக்கிறது. 1861 வரை நிலத்தோடு சேர்த்து மனிதர்களையும் சொந்தமாக வைத்திருந்த நாடு அது. புத்தகக் கண்காட்சிகளில் வாங்கிய மாஸ்கோ பதிப்பகங்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் வளர்ந்த வாசகர்களுக்கு அந்த உலகம் அந்நியம் அல்ல. அந்தப் பக்கத்துக்கும் நம் பண்ணை வீடு அந்நியமாக இருக்காது.

நுட்ப விவரங்கள் சுருக்கமாக. ஒரு சப்டைட்டிலுக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரிக்கு நாற்பது எழுத்துகளுக்குள். ஒரு வினாடிக்குப் பதினைந்து முதல் பதினேழு எழுத்துகள் வரை படிக்க முடியும். ரஷ்யச் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளம் என்பதால் ஆங்கில வரிகளை இன்னும் இறுக்கமாக எழுதினால் அவர்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். பாடல்களில், கதையை நகர்த்தும் வரிகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும் என்பது என் கட்சி. கவிஞர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஐந்தாம் படி: இணைப்பும் டிசிபியும்

தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் இணைப்பு ரஷ்யாவிலிருந்து திறக்க வேண்டும். 2024 முதல் அங்கே யூடியூப் வேகம் கடுமையாகக் குறைக்கப்பட்டுள்ளது. எனவே யூடியூபில் மறைத்து ஏற்றிய இணைப்பை நம்பாதீர்கள். தரவிறக்கக்கூடிய கோப்பாகவும் ஒரு இணைப்பு கொடுங்கள். கடவுச்சொல்லை விழா முடியும்வரை மாற்றாதீர்கள்.

தேர்வானதும் டிசிபி, அதாவது திரையரங்கில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதி, கேட்பார்கள். வினாடிக்கு 24 பிரேம், 2கே படத்துல்லியம், 5.1 ஒலி என்பது எந்தத் திரையரங்கிலும் சிக்கலில்லாமல் ஓடும் அமைப்பு. 25 பிரேமில் படம் எடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் 24க்கு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். நூறு நிமிடப் படம் 104 நிமிடம் 10 வினாடி ஆகும். ஒலியின் சுருதி இறங்கும். சப்டைட்டில் நேரக்குறிகள் எல்லாம் நழுவும். முதல் நாள் படப்பிடிப்பிலேயே 24 என்று முடிவு செய்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

அதிகபட்சத் தரவு வேகத்தில் 90 நிமிட டிசிபி சுமார் 170 ஜிபி வரை போகலாம்; பெரும்பாலும் அதில் பாதிதான் வரும். ஹார்ட் டிஸ்க்கில் அனுப்பலாமே என்று நினைப்பீர்கள். பெரிய சர்வதேசக் கூரியர் நிறுவனங்கள் 2022இல் ரஷ்யச் சேவையை நிறுத்திவிட்டன. ஆகவே நல்ல இணைய வசதியுள்ள ஸ்டூடியோவில் உட்கார்ந்து பதிவேற்றுவதே வழி. பிரதி ஒன்றைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். பூட்டாத டிசிபியாக அனுப்பினால், பூட்டியதைத் திறக்கத் தனியாக அனுப்ப வேண்டிய சாவிக் கோப்பின் கடைசி நேரத் தொல்லை மிச்சம். திருட்டுப் பயம் இருந்தால் பூட்டுங்கள், ஆனால் சாவி எந்தத் தேதி, எந்த மணி வரை செல்லும் என்பதை மாஸ்கோ நேரத்தில் கணக்கிடுங்கள். மாஸ்கோ நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது.

எதையும் அனுப்புமுன் உள்ளூர்த் திரையரங்கு ஒன்றில் காலைக் காட்சிக்கு முன் ஒரு மணி நேரம் வாடகைக்குக் கேட்டு ஓட்டிப் பாருங்கள். கணினித் திரையில் தெரியாத தவறு அங்கே யானை அளவு தெரியும்.

ஆறாம் படி: விசா, பணம், தொலைபேசி

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்விசா உண்டு. முதலில் 16 நாள் தங்க அனுமதித்தார்கள். 2025 ஆகஸ்டில் 30 நாளாக உயர்த்தினார்கள். பண்பாட்டு நிகழ்ச்சியில் பங்கேற்பதும் இந்த விசாவின் நோக்கங்களில் அடங்கும். ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள். அதே போலத் தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் இரண்டு மடங்கு வாங்குகின்றன. பெயரின் எழுத்து கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கும் நம் பழைய குழப்பத்தை இங்கே கவனமாகத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பணம்தான் பெரிய விஷயம். வெளிநாட்டில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. தங்கும் நாள் முழுவதற்கும் ரொக்கம் வேண்டும். கசங்காத, கிறுக்கல் இல்லாத டாலர் அல்லது யூரோத் தாள்களாக எடுத்துச் சென்று அங்குள்ள வங்கியில் ரூபிளாக மாற்றுங்கள். விமான நிலையத்தில் கொஞ்சம் மட்டும். இந்தியர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பெரிய விடுதி முன்பதிவுத் தளங்களும் அங்கே இயங்குவதில்லை. விழாவே தங்குமிடம் தந்தால் எத்தனை இரவு, எத்தனை பேருக்கு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். விடுதியில் தங்கினால் வெளிநாட்டவர் பதிவை விடுதியே செய்துவிடும். நண்பர் வீட்டில் தங்கினால் ஏழு வேலை நாட்களுக்குள் அவர் செய்ய வேண்டும்.

உள்ளூர் சிம் வாங்க, 2025 முதல், வெளிநாட்டவர் முகம், குரல் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு வாரப் பயணத்துக்கு அந்தப் பாடு வேண்டாம். ஊரிலிருந்தே ரோமிங் எடுத்துச் செல்லுங்கள். நகர வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கிவையுங்கள். மெட்ரோ நிலையப் பெயர்களைப் படிக்கும் அளவுக்காவது ரஷ்ய எழுத்துகளைக் கற்றுக்கொண்டு போங்கள். 33 எழுத்துதான்; 247ஐச் சமாளித்தவர்களுக்கு ஒரு வாரம் போதும்.

ஏப்ரல் என்றால் வசந்தம் என்று ஏமாற வேண்டாம். பகலில் பத்து டிகிரி இருக்கலாம்; இரவில் பூச்சியத்தைத் தொடும். ஒரு நாள் பனி விழுந்தாலும் உள்ளூர்க்காரர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். சிவப்புக் கம்பளத்துக்கு வேட்டி கட்டிப் போக நினைப்பவர்கள் உள்ளே வெப்ப உடை அணிந்துகொள்ளுங்கள். வெளியே தெரியாது.

ஏழாம் படி: அங்கே போன பிறகு

விழாவின் இதயம் நோவி அர்பாத் தெருவில் உள்ள ‘அக்தியாபர்’ திரையரங்கு. 1967இல் திறக்கப்பட்டது, இப்போது 11 அரங்குகள். பெரிய அரங்கில் சுமார் 1500 பேர் உட்காரலாம். வெளிச்சுவரில் புரட்சியைச் சித்திரிக்கும் பிரம்மாண்டமான மொசைக் இருக்கிறது. உள்ளே பாப்கார்ன் விற்கிறார்கள். தொடக்க விழா வழக்கமாகப் புஷ்கின் சதுக்கத்தில் உள்ள ‘ரஸ்ஸீயா’வில் நடக்கும். 1961இல் இதே விழாவையொட்டித் திறக்கப்பட்ட கட்டடம் அது.

உங்கள் படம் எந்த அரங்கில் என்று தெரிந்ததும் புரொஜெக்‌ஷன் பொறுப்பாளரிடம் பத்து நிமிடச் சோதனை ஓட்டம் கேளுங்கள். முதல் ரீலைப் பார்க்காதீர்கள். ஒலி உச்சத்துக்குப் போகும் காட்சி ஒன்றையும், இருட்டான காட்சி ஒன்றையும் ஓட்டச் சொல்லிப் பாருங்கள். விழாக்களில் பொதுவாக ஆங்கில வரி படத்துக்குள்ளும் ரஷ்ய வரி அதற்குக் கீழேயும் ஓடும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை என்பதை அரங்கின் நடுவரிசையில் உட்கார்ந்து உறுதி செய்யுங்கள்.

மாஸ்கோப் பார்வையாளர்கள் கண்டிப்பானவர்கள். சோவியத் காலத்தில் வெட்டுப்படாத வெளிநாட்டுப் படத்தைப் பார்க்கக் கிடைத்த அரிய வாய்ப்பு இந்த விழா; டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள் இப்போது வருகிறார்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். பிடித்தால் கேள்வி கேட்பார்கள். முதியவர்கள் யாராவது ராஜ் கபூரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பொறுமையாகக் கேளுங்கள். 1954இல் அங்கே வெளியான ‘ஆவாரா’ அந்தத் தலைமுறைக்கு இந்தியாவின் முகவரி. நீங்கள் தமிழில் எடுப்பவர், மும்பைக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை என்று விளக்குவதைக் கேள்வி நேரத்துக்கு ஒத்திவையுங்கள்.

கேள்வி நேரத்தில் தமிழிலேயே பேசலாமா? ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் தாராளமாக. ஆனால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சொல்ல ஒருவரை நீங்களே அழைத்துச் செல்ல வேண்டும். மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

ஒரு மாலை ஒதுக்கிக் கோதெல்னிச்சஸ்கயா கரையில் உள்ள ஸ்டாலின் கால வானளாவிக்குள் இருக்கும் ‘இல்யூஸியோன்’ திரையரங்குக்குப் போங்கள். ரஷ்யத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் திரையரங்கு அது. 1966 முதல் பழைய படங்களைக் காட்டிவருகிறது. அர்பாத் சதுக்கத்தில் 1909இல் திறந்த ‘ஹுதோஷெஸ்த்வென்னி’யும் அக்தியாபரிலிருந்து நடந்து போகும் தூரம்தான். 1926 ஜனவரியில் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ பொதுமக்களுக்கு முதலில் காட்டப்பட்டது அங்கேதான்.

மாஸ்கோவில் இடம் கிடைக்காவிட்டால் ரஷ்யாவில் வேறு கதவுகளும் உண்டு; முதல் படியில் சொன்ன கேள்விகள் அங்கேயும் பொருந்தும். ஆவணப்படம் என்றால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ‘மனிதனுக்கு ஒரு செய்தி’ விழா. பரிசு தங்க செந்தார். காமா நதிக்கரையில் உள்ள பெர்ம் நகரின் ‘ஃபிளாஹர்தியானா’வும் ஆவணப்படத்துக்கானது. முதல் படம் எடுத்தவர்களுக்கு, சைபீரியாவின் ஹாந்தி மான்சீஸ்க் நகரில் 2003இல் செர்கெய் சலவ்யோவ் தொடங்கிய ‘நெருப்பின் ஆவி’. அதன் பரிசு ‘தங்கத் தைகா’. கடுங்குளிர் ஊர்; வேட்டி யோசனையை அங்கே விட்டுவிடலாம்.

விமானம் ஏறுமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் படத்துக்குச் செய்த ரஷ்ய சப்டைட்டில் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் தர மாட்டார்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கஜகஸ்தானிலோ கிர்கிஸ்தானிலோ அடுத்த திரையிடலுக்கு அது உதவும். ஊருக்கு வந்ததும் ரஷ்யம் தெரிந்த யாரிடமாவது காட்டி, சம்பந்தி ‘நீ’ என்று திரும்பும் அந்த வரியில் ‘தி’ விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள்.